புகைந்தது ஏன், பிடித்தது எப்படி: ஒரு மொட்டைமாடி சிம்னி ஸ்டார்டரின் நிகழ்வு ஆய்வு

சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடி. டிசம்பர் மாதம், இரண்டு நாள் பெய்த மழை ஓய்ந்த சனிக்கிழமை மாலை. 57 செ.மீ. விட்டமுள்ள, மூடி போட்ட உருண்டைக் கரியடுப்பான கெட்டில் கிரில் ஒன்று. கரியைப் பற்றவைப்பதற்கான தகரக் குழாய், அதாவது 19 செ.மீ. விட்டமும் 30 செ.மீ. உயரமும் உள்ள சிம்னி ஸ்டார்டர் ஒன்று. இஸ்திரி வண்டிகளுக்குக் கரி போடுகிற கடையில் வாங்கிய 5 கிலோ மூட்டை. மசாலா தடவி ஊறவைத்த இரண்டரை கிலோ கோழிக்கால். சாப்பிடப் பன்னிரண்டு பேர். ஆறு மணிக்குக் கரியைப் பற்றவைத்தால் ஆறரைக்குக் கோழியை ஏற்றிவிடலாம் என்பது கணக்கு. உருப்படியாக ஏறியபோது மணி எட்டு.

ஒரு குறிப்பிட்ட வீட்டில் நடந்ததன் பதிவு அல்ல இது. பல மாடிகளில் திரும்பத் திரும்ப நடக்கும் தப்புகளை ஒரே மாலைக்குள் அடுக்கி வைத்திருக்கிறோம், ஒன்றின் மேல் ஒன்று ஏறி எப்படி ஆளைக் கவிழ்க்கின்றன என்று காட்டுவதற்காக. தனித்தனியாக வந்தால் இவற்றில் பாதியைச் சிம்னியே சமாளித்துவிடும்.

ஆறு மணி முதல் ஏழு மணி வரை

சிம்னியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடி அறைக்குள் நாலு முழுத் தாள் செய்தித்தாளைக் கசக்கி, கையால் அமுக்கித் திணித்தார்கள். நிமிர்த்தி மாடித் தரையின் தட்டோட்டின்மேல் வைத்தார்கள். கரி மூட்டையை அப்படியே சாய்த்து வாய்வரை கொட்டினார்கள். துண்டு, சில்லு, தூள், மண் எல்லாம் சேர்ந்தே இறங்கியது. தீக்குச்சி வைத்ததும் தாளின் ஓரம் எரிந்தது. நடுவில் இருந்தது கருகியதோடு நின்றது. வெள்ளைப் புகை கெட்டியாக எழுந்து, எட்டு நிமிடத்தில் அதுவும் அடங்கியது. கரி கறுப்பாகவே இருந்தது.

அடுத்து, கரியை வெளியே எடுக்காமல், பக்கத் துளைகள் வழியே இன்னும் கொஞ்சம் தாளைச் சொருகினார்கள். அதற்குப் பிறகு பூஜைக் கற்பூரம், பத்துப் பன்னிரண்டு வில்லை. கடைசியாக மேலேயிருந்து ஒரு டம்ளர் மண்ணெண்ணெய். அது குபீரென்று பிடித்து ஐந்தாறு நிமிடம் ஆட்டம் போட்டது. ஆட்டம் முடிந்தபோது மேல்வரிசையில் நாலைந்து துண்டுகளின் முனைதான் சிவந்திருந்தது. ஆறே முக்காலுக்குப் பொறுமை போய்விட்டது. இருப்பதைக் கிரில்லில் கொட்டி, ஆறு காலை அடுக்கி மூடினார்கள். சூடு வெளியே போகக்கூடாதென்று கீழ்த் துவாரத்தையும் சாத்தினார்கள். கால் மணி நேரத்தில் இருந்த கங்கும் அணைந்தது. அந்த ஆறு காலும் வீட்டு அடுப்பில் தோசைக்கல்லுக்குப் போயின, மண்ணெண்ணெய் வாடையோடு.

ஒவ்வொரு முறையும் இங்கே செய்தது ஒன்றே ஒன்றுதான்: தீயைக் கூட்டினார்கள். சிம்னிக்குப் போதாமல் இருந்தது தீ அல்ல, காற்று.

இழுவை என்பது எவ்வளவு?

சிம்னி ஸ்டார்டர் மேலும் கீழும் திறந்த ஒரு தகரக் குழாய். அடியிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் கம்பித் தட்டு, பெரும்பாலும் கூம்பு வடிவில். தட்டுக்குக் கீழே தாள், மேலே கரி. கீழ்ச்சுற்றில் காற்றுத் துளைகள். இவ்வளவுதான் கருவி. 1960களில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள கொரிந்த் ஊர்க்காரர்கள் இதை ‘ஆட்டோ ஃபயர்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இருபுறமும் வெட்டிய காபி டப்பாவிலும் இதே வேலையைச் செய்யலாம். தத்துவம் அதைவிடப் பழையது. ஆர்கன் என்ற ஸ்விஸ்காரர் 1780களில் எண்ணெய் விளக்கின் சுடரைச் சுற்றிக் குழாய் வைத்ததும், நம் வீடுகளில் சிம்னி விளக்கு என்று பேர் வாங்கியதும் இதே சங்கதிதான். கண்ணாடிக் குழலை எடுத்தால் சுடர் மங்கிப் புகையும். மாட்டினால் நிமிர்ந்து வெளுக்கும்.

குழாய்க்குள் சூடேறிய காற்று லேசாகி மேலே போகிறது, அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. இழுவை என்பது இதுதான். 30 டிகிரி செல்சியஸ் மாலையில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.16 கிலோ; 500 டிகிரியில் அது 0.46 கிலோ. 30 செ.மீ. உயரத்துக்கு இந்த வித்தியாசம் கொடுக்கும் இழுவை ஏறத்தாழ 2 பாஸ்கல். செய்தித்தாளின் நாலைந்து ஒற்றைத் தாளை அடுக்கி வைத்தால் கீழே என்ன கனம் அழுத்துமோ, அவ்வளவுதான். கொல்லன் துருத்தியோடு இதை ஒப்பிடவே முடியாது. இவ்வளவு மெல்லிய இழுவை தடையில்லாத பாதை இருந்தால் மட்டுமே வேலை செய்யும். பாதையில் ஒரு பிடி தூள் விழுந்தால் போதும், எல்லாம் முடிந்தது. அதுவும் இந்த 2 பாஸ்கல் நன்றாகச் சூடேறிய பிறகு கிடைப்பது. தீ வைத்த முதல் இரண்டு மூன்று நிமிடத்தில் அதில் ஒரு பங்குதான் இருக்கும்.

அந்த மாலையில் இந்த இழுவைக்கு எதிராக நின்றவை மூன்று. அவற்றின் பங்கு சமமானது அல்ல.

தூள்

முதல் குற்றவாளி இதுதான். முட்டையளவு, எலுமிச்சையளவுத் துண்டுகளைத் தாறுமாறாகப் போட்டால் கொள்ளளவில் நாற்பது சதவீதத்துக்கு மேல் இடைவெளியாக நிற்கும். காற்று ஏறும் வழி அது. மூட்டையைச் சாய்த்துக் கொட்டும்போது தூளும் சில்லும் அந்த இடைவெளிகளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கின்றன. அதிலும் மோசம், இடைவெளி வழியே இறங்கிய தூள் கம்பித் தட்டின் மேலேயே மெத்தை போலப் படிவது. கீழே எரியும் தாளின் சூடு அந்த மெத்தையோடு நின்றுவிடும்.

நம் ஊர்க் கரியில் தூள் அதிகம் இருப்பதற்குக் காரணம் உண்டு. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி பக்கம் சீமைக்கருவேல மரத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி மூட்டம் போட்டு எடுக்கும் கரி இது. மூட்டத்தைப் பிரித்து, அள்ளி, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றி இறக்கிக் கடைக்கு வருவதற்குள் உடைகிறது. கூடவே கொஞ்சம் மண்ணும், முழுதாக வேகாத கட்டைகளும் வரும். வேகாத கட்டையை உடைத்தால் உள்ளே பழுப்பாக இருக்கும், கையில் எடுத்தால் கனக்கும். அது கரி இல்லை, விறகு. சிம்னிக்குள் ஒன்று கிடந்தாலும் கடைசிவரை புகைந்துகொண்டே இருக்கும். தனியே எடுத்து வைக்க வேண்டும்.

ஈரம்

கரி நுண்துளைகள் நிறைந்த பொருள், காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மழைக்காலத்தில் கிடந்த மூட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2 கிலோ கரியில் 15 சதவீதம் ஈரம் என்று வைத்துக்கொண்டால் 300 கிராம் தண்ணீர். அதைக் கொதிக்கவைத்து ஆவியாக்க ஏறத்தாழ 0.77 மெகாஜூல் வெப்பம் வேண்டும். ஒரு முழுத் தாள் செய்தித்தாள் சுமார் 16 கிராம். இரண்டு தாள் முழுக்க எரிந்தாலும் கிடைப்பது அரை மெகாஜூல், அதிலும் பெரும்பகுதி கரியைத் தொடாமல் மேலே போய்விடும். தாளால் மொத்தக் கரியையும் உலர்த்தவே முடியாது என்று இதற்குப் பொருள். அது தாளின் வேலையும் அல்ல. அடிவரிசையில் ஏழெட்டுத் துண்டுகளைப் பிடிக்க வைப்பதே அதன் வேலை. பிடித்த துண்டுகள் மேலே உள்ளவற்றை உலர்த்தும், பிறகு பற்றவைக்கும். ஆகவே அடிவரிசை மட்டுமாவது கட்டாயம் உலர்ந்திருக்க வேண்டும். இந்த மாலையில் ஈரக்கரி தூளோடு சேர்ந்து தட்டின்மேல் உட்கார்ந்தது.

ஈரத்தைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். உலர்ந்த கரி கண்ணாடி போலக் கணீரென்று ஒலிக்கும், ஈரக்கரி மொத்தென்று சத்தம் தரும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஒரு கிலோவைச் சமையலறைத் தராசில் நிறுத்து, வெயிலில் பரப்பி, மாலையில் மறுபடி நிறுத்துப் பார்க்கலாம். குறைந்தது எவ்வளவோ அத்தனையும் தண்ணீர்.

தாள்

கூடுதல் தாள் கூடுதல் தீ என்று நினைப்பது இயல்பு. அமுக்கித் திணித்த தாளுக்குள் காற்று போகாது. ஓரம் எரிந்து, நடு கருகி, அந்தக் கருகல் அடி அறையை அடைத்துக்கொள்ளும். அதன்மேல் பக்கத் துளைகளில் இன்னும் தாளைச் சொருகியது, மூச்சுத் திணறுகிறவன் வாயில் துணி வைத்த கதை. சிம்னி முதல் முறை பிடிக்கவில்லை என்றால் செய்ய வேண்டியது ஒன்றே: கரியை வெளியே கொட்டி, அடி அறைச் சாம்பலைத் தட்டிச் சுத்தம் செய்து, முதலிலிருந்து தொடங்குவது. ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல்தான் முக்கால் மணி நேரம் போயிற்று.

தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கத் துளைகள் இருப்பதால் தட்டையான தரையிலும் சிம்னி வேலை செய்யும், ஆனால் தயக்கத்தோடு. கிரில்லின் கரித்தட்டுக் கம்பிகள்மேல் வைத்தால் அடியிலிருந்தும் காற்று வரும். மேலும், மழையில் ஊறிய தட்டோட்டிலோ சிமெண்டுத் தரையிலோ நேராக வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி மேல்பரப்பைச் சில்லுச் சில்லாகத் தெறிக்க வைக்கும். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசிய மாடியென்றால் பூச்சு இளகிவிடும். கிரில்லில் வைக்க முடியாவிட்டால் மூன்று செங்கல், நடுவே இடைவெளி விட்டு.

இரண்டாவது முயற்சி, ஏழரை மணி

மண்ணெண்ணெய் குடித்த கரியை ஒதுக்கிவிட்டு, மூட்டையில் மீந்த 3 கிலோவைத் துளையுள்ள பழைய பிளாஸ்டிக் கூடையில் போட்டுக் குலுக்கினார்கள். 600 கிராமுக்கு மேல் தூளும் சில்லும் கீழே விழுந்தன. மிச்சத்தில் தட்டிப் பார்த்துக் கணீரென்று ஒலித்தவற்றைத் தனியே பிரித்ததில் ஒன்றரை கிலோ தேறியது. கட்டைக் கரியாக இந்த அளவுச் சிம்னியில் ஒன்றரை முதல் இரண்டு கிலோ பிடிக்கும் என்பதால் அது போதும்.

தாள் இரண்டே இரண்டு. ஒவ்வொன்றையும் நீளவாட்டில் தளர்வாகச் சுருட்டி, சும்மாடு போல வளையமாக்கி, அடி அறையின் சுவரோரமாக வைத்தார்கள். நடுவில் கை நுழையும் அளவு ஓட்டை காலியாக இருக்க வேண்டும். காற்றுக்கான வாசல் அது. வளையத்தின்மேல் இரண்டு தேக்கரண்டி சமையல் எண்ணெய். பலகாரம் சுட்டு மீந்த எண்ணெய் போதும். எண்ணெய் பட்ட தாள் ஒரு நிமிடத்தில் முடிவதற்குப் பதில் நாலைந்து நிமிடம் நின்று எரியும், திரி போல. பளபளப்பான வார இதழ்த் தாள் வேண்டாம். அதன் பூச்சு எரியாமல் கட்டிச் சாம்பலாக நிற்கும். முட்டை அட்டையின் கால்பங்கை எண்ணெயில் நனைத்து வைத்தாலும் நன்றாகவே வேலை செய்யும்.

கரியை இரண்டு தவணையாகப் போட்டது இந்த மாலையின் சூழ்நிலைக்கு ஏற்ற முடிவு. வெயில் காயாத கரிக்கு இதுவே நல்ல வழி. முதலில் எலுமிச்சையளவுத் துண்டுகள் அரை கிலோ மட்டும். தாளை மூன்று இடத்தில் பற்றவைத்தார்கள்; ஓர் இடத்தில் மட்டும் வைத்தால் ஒருபக்கமாகவே ஏறும்.

முதல் மூன்று நிமிடம் வெள்ளைப் புகை பலமாக வந்தது. இதில் பயப்பட எதுவும் இல்லை. தாளும் ஈரமும் போகின்றன. நாலாவது நிமிடத்தில் தாள் தீர்ந்தது, புகை மெலிந்தது, உள்ளே படபடவென்று சின்னச் சத்தம். வாய்க்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையைக் காட்டியபோது அனல் முட்டியது. பார்க்க வேண்டிய அடையாளம் இதுதான், புகையின் நிறம் அல்ல. புகை இருந்து அனல் இல்லையென்றால் உள்ளே எதுவும் பிடிக்கவில்லை. அனல் இருந்தால் தொடாமல் விட்டுவிட வேண்டும். ஊதுவது, விசிறுவது, குச்சியால் கிளறுவது மூன்றும் அடுக்கைக் கலைத்து இடைவெளியை மூடும்.

ஆறாவது நிமிடம் கீழ்த் துளைகளில் செம்மை தெரிந்தது. மிச்சமிருந்த ஒரு கிலோவை, பெரிய துண்டுகளாக, இடுக்கியால் ஒவ்வொன்றாக அடுக்கினார்கள். மறுபடி வெண்புகை எழுந்து பத்தாவது நிமிடத்தில் தணிந்தது. தெற்கிலிருந்து காற்று வீசியதால் அந்தப் பக்கம் முந்திச் சிவந்தது. சிம்னியை அரைச்சுற்றுத் திருப்பி வைத்ததும் சரியானது. பதினாலாவது நிமிடம் புகையே இல்லை. வாயில் நீலமும் மஞ்சளுமாக நாக்குகள். பதினெட்டாவது நிமிடம் மேல்வரிசைத் துண்டுகளின் ஓரம் நீறு பூத்தது.

கொட்ட வேண்டிய நேரம் அது. மேலிருப்பது முழுக்க வெளுக்கும்வரை காத்திருப்பது, கரித்தூளை அழுத்திச் செய்த பிரிக்கெட்டுக்குப் பொருந்தலாம், கட்டைக் கரிக்குப் பொருந்தாது. அடியில் இருப்பவை அதற்குள் பதினைந்து நிமிடமாக எரிந்து சிறுத்திருக்கும். அரை மணி விட்டால் கொட்டும்போது பாதிதான் மிஞ்சும். சமையலுக்கு வாங்கிய வெப்பம் வானத்துக்குப் போயிருக்கும்.

அந்த நீலச் சுடரைப் பற்றி

அடியில் கரியும் ஆக்சிஜனும் சேர்ந்து கரியமில வாயுவாகிறது. அது மேலே உள்ள செங்கனல் வழியாக ஏறும்போது மறுபடி கரியோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. வாயில் தெரியும் நீலச் சுடர் அந்த மோனாக்சைடு எரிவது. சுடர் வராத முதல் பத்து நிமிடமும் அந்த வாயு எரியாமலேயே வெளியேறுகிறது. நிறமும் மணமும் இல்லாத வாயு. திறந்த மாடியில் அது கலைந்துவிடும். கண்ணாடி அடைத்த பால்கனியிலோ, ஷட்டர் பாதி இறக்கிய கார் நிறுத்துமிடத்திலோ, மழைக்குக் கட்டிய தார்ப்பாய்க்கு அடியிலோ கலையாது. கொடைக்கானல் போன்ற மலையூர்களில் குளிருக்காகக் கரியடுப்பை அறைக்குள் எடுத்துப்போய்த் தூக்கத்திலேயே இறந்தவர்களைப் பற்றிய செய்திகள் வந்திருக்கின்றன. சாம்பல் பூத்து அணைந்தாற்போல் இருக்கும் கங்கும் இந்த வாயுவை விடும். மழை வந்தால் சமையலை நிறுத்துங்கள், அடுப்பை உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

மண்ணெண்ணெய் ஏன் தோற்றது

மேலே ஊற்றிய மண்ணெண்ணெயில் பாதி எரிந்தது, பாதியைக் கரி உறிஞ்சியது. எரிந்த பாதி கரியின் மேற்பரப்பில், காற்றோடு தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் எரிந்தது. அதன் சூடு மேலே போயிற்றே தவிர அடுக்குக்குள் இறங்கவில்லை. உறிஞ்சப்பட்ட பாதி பிறகு மெல்ல ஆவியாகிக் கோழியில் ஏறியது. மண்ணெண்ணெய் பட்ட கரியில் முழுதாகப் பற்றாத துண்டுகளில் வாடை தங்கும்.

வாடையாவது பரவாயில்லை. பாதி கனன்றுகொண்டிருக்கும் கரியில் ஊற்றுவது வேறு ரகம். சூட்டில் உடனே ஆவியாகி, அந்த ஆவி ஒரே வீச்சில் பற்றி, ஊற்றும் தாரை வழியே கையிலிருக்கும் பாட்டிலுக்கு வரும். பெட்ரோல், தின்னர் இரண்டையும் பேச்சிலேயே எடுக்க வேண்டாம். கை கழுவும் ஆல்கஹால் திரவத்தைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். பகலில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது, எரியவில்லை என்று நினைத்து இன்னொரு தரம் ஊற்றுவார்கள். கற்பூரத்தில் அந்த அளவு ஆபத்து இல்லை, ஆனால் கரும்புகையும் வாசனையும் மிச்சம், சூடு சொற்பம். தேங்காய் நார் ஒரு கைப்பிடி அதைவிட நன்றாகப் பிடிக்கும், உலர்ந்ததாக இருந்தால்.

கொட்டுவதும் அதன் பிறகும்

கனன்ற கரியோடு சிம்னி இரண்டரை மூன்று கிலோ கனம். பெரிய கைப்பிடியை ஒரு கையிலும், கீழே சாய்ப்பதற்கான கம்பிப் பிடியை மறு கையிலும் பிடித்து, உடம்புக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்க்க வேண்டும். தோல் கையுறை, மூடிய காலணி, பருத்தி உடை. ரப்பர் செருப்பும் பாலியஸ்டர் சட்டையும் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கட்டைக் கரி கொட்டும்போது பொறி தெறிப்பது நிச்சயம், ஈரக்கரி என்றால் வெடித்தே தெறிக்கும். துணிக்கொடி, பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, குழாய்கள் எல்லாவற்றிலிருந்தும் மூன்று மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

இந்த ஒன்றரை கிலோவை 57 செ.மீ. தட்டில் பரப்பியிருந்தால் எங்கும் போதாமல் போயிருக்கும். ஒருபக்கமாகக் குவித்து, எதிர்ப்பக்கம் காலியாக விட்டார்கள். கம்பியைப் போட்டு மூடி ஐந்து நிமிடம் சூடேற்றி, கம்பிக்கு 10 செ.மீ. மேலே உள்ளங்கையைக் காட்டியபோது கனல் பக்கம் இரண்டு மூன்று நொடிக்கு மேல் தாங்கவில்லை. அது கடுஞ்சூடு. நாலைந்து நொடி தாங்கினால் நடுத்தரம். எட்டு நொடிக்கு மேல் தாங்கினால் கோழியை ஏற்றாதீர்கள்.

தோல் பக்கம் நிறம் வரும்வரை கனல்மேல், பிறகு காலிப் பக்கம், மூடி போட்டு. கீழ்த் துவாரமும் மேல் துவாரமும் திறந்தே இருக்க வேண்டும். மூடிய கெட்டிலும் ஒரு சிம்னிதான். 1952இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டீஃபன் மிதவைக் கோளத்தை வெட்டி முதல் கெட்டில் கிரில்லைச் செய்தபோது, மூடியோடு காற்றுத் துவாரமும் அதன் உயிராக அமைந்தது. முதல் தடவை இவர்கள் கீழ்த் துவாரத்தைச் சாத்தியது, அடுப்பை அணைக்கும் முறையை அப்படியே செய்தது போலத்தான். மூடியின் துவாரத்தைக் கறிக்கு மேலாக வருமாறு திருப்பி வைத்தால் சூடு கறியைக் கடந்தே வெளியேறும். எலும்போரம் 74 டிகிரி தொட்டால் பாதுகாப்பு; கோழிக்காலுக்கு 80க்கு மேல் போனால்தான் எலும்போரச் சதை விடும். முப்பத்தைந்து நாற்பது நிமிடத்தில் அது ஆயிற்று.

ஒரு மணி நேரத்துக்கு மேல் சமையல் ஓடுமானால் இன்னொரு அரைச் சிம்னி கரியைத் தனியே, செங்கல்மேல் வைத்துப் பற்றவைத்துக்கொண்டு சேர்க்க வேண்டும். கறிக்கு அடியில் பச்சைக் கரியை எறிந்தால் முதல் பத்து நிமிடப் புகை முழுக்கக் கறிக்குத்தான்.

கரி மாறினால் மாறுவது

காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கத்துச் சிரட்டைக் கரி சூடு அதிகம், புகை குறைவு. ஆனால் துண்டுகள் கிண்ணம் போல வளைந்தவை. ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொண்டு அடுக்கைப் பலகை போல அடைத்துவிடும். பெரிய ஓடுகளை உடைத்து, நிமிர்த்தி வாக்கில் போட வேண்டும், அல்லது அடிவரிசைக்குக் கட்டைக் கரி வைத்து அதன்மேல் போட வேண்டும். மாவுப் பசை சேர்த்து அழுத்திய பிரிக்கெட் இந்தச் சிம்னியில் இரண்டரை கிலோ வரை பிடிக்கும். 20 முதல் 25 நிமிடம் ஆகும், பிறகு ஒரே சீராக நிற்கும். மழையில் நனைந்த பிரிக்கெட்டைக் காயவைத்தாலும் பழைய வலு வராது, தட்டில் உதிர்ந்து அடைக்கும். தூக்கிப் போடுங்கள்.

பட்டறையில் செய்வதானால் 2 மி.மீ. இரும்புத் தகட்டில் 20 செ.மீ. குழாய், அடியிலிருந்து 8 செ.மீ.இல் 6 மி.மீ. கம்பித் தட்டு, கம்பிக்குக் கம்பி 2 செ.மீ. இடைவெளி, தட்டுக்குக் கீழே 15 மி.மீ. துளை இருபத்துநாலு, இரண்டு வரிசையாக. கைப்பிடியைச் சுவரிலிருந்து 6 செ.மீ. தள்ளி, மரத்தில். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட்டில் செய்யச் சொல்லாதீர்கள். துத்தநாகம் 420 டிகிரியில் உருகும். செங்கனல் சூட்டில் அதன் ஆவியும் வெள்ளைப் புகையும் கிளம்பி, சுவாசித்தவருக்குக் காய்ச்சல் காணும். எண்ணெய் டின்னை வெட்டிச் செய்வது நாலு தடவைக்கு வரும். முதல் தடவை மேல்பூச்சு எரிந்து தீரும்வரை வெறும் கரி போட்டு எரித்துவிட வேண்டும்.

கடைசியில்

கொட்டியபின் காலியான சிம்னியை எங்கே வைப்பதென்று யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. சிவப்பு இல்லாததால் ஆறிவிட்டது போலத் தெரியும். தொட்டால் தோல் உரியும். பிள்ளைகள் ஓடும் மாடியில் அதற்கென்று செங்கல் போட்டு ஓர் ஓரம் ஒதுக்க வேண்டும், பற்றவைப்பதற்கு முன்பே.

சமையல் முடிந்ததும் கிரில்லின் இரண்டு துவாரத்தையும் சாத்தினார்கள். தண்ணீர் ஊற்றவில்லை, ஊற்றினால் கொதிநீராவி கையைச் சுடும், எனாமல் விரிசல் விடும். மறுநாள் மாலைவரை திறக்காமல் விட்டு, சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளினார்கள். பிளாஸ்டிக் குப்பைக் கூடைக்கு இரண்டு நாள் கழித்துத்தான் போக வேண்டும். சாம்பலுக்கு நடுவே பாதி எரிந்த துண்டுகள் 400 கிராம் தேறின. ஏற்கெனவே ஈரமும் எண்ணெய்ப்பசையும் எரிந்துபோன கரி அது, மூட்டையில் இருக்கும் எதையும்விடச் சீக்கிரம் பிடிக்கும். சாம்பலைத் தட்டி, மூடி போட்ட டப்பாவில் எடுத்து வைத்தார்கள், அடுத்த தடவை அடிவரிசைக்கு.